தாலி முடிச்சும் இரண்டு ரேமும்

ஜனவரி 8, கராச்சர்மா

இன்றும் அதே கூத்து. பாராடாங் தீவில் எடுத்த அமிர்தவல்லி கல்யாண வீடியோ. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கெட்டிமேளம் கொட்டுகிறது – படம் நின்றுவிடுகிறது. மறுபடி ஓடும்போது எல்லோரும் அட்சதை போட்டு முடித்திருக்கிறார்கள். நான் எங்கே வெட்டுவேன், எங்கே ஒட்டுவேன்? லேப்டாப்பைத் தூக்கிக் கடலில் போடலாம் போல வருகிறது.

மாப்பிள்ளையின் அப்பா சென்னையில் படுத்த படுக்கை. மகன் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. 18-ஆம் தேதி கப்பலில் ஜோடி அவரிடம் போகிறது. அதற்குள் பென்டிரைவைக் கையில் கொடுத்தாக வேண்டும்.

ரேம் மாற்றச் சொல்கிறார் ரிப்பேர் கடைக்காரர். இந்தத் தீவில் ஸ்டாக் இல்லையாம். மெயின்லாண்டிலிருந்து விமானத்தில் வரும் தோழி ஷீலாவிடம் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 12

ஷீலா மகராசி! பழைய ரேமுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் புதியதைச் செருகினேன். கொஞ்சம் தேவலை. ஆனால் தாலி வரும்போது மட்டும் இன்னும் திக்குகிறது. ரேமில் வேகம் 3200 என்று போட்டிருக்கிறது. திரையில் 2400தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஜனவரி 13

யாரும் ஏமாற்றவில்லை. பழையதன் வேகம் 2400. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மெதுவானதன் வேகத்துக்குத்தான் புதியதும் ஓடுமாம். பழையதைக் கழற்றினால் 3200 வருகிறது, ஆனால் ஒற்றை ரேம் வேலை தாங்காமல் மூச்சுத் திணறுகிறது. இதே மாதிரி இன்னொன்று வேண்டும். நான் எங்கே போவேன்? அழுதுகொண்டே இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

இவர் சிரிக்கிறார்! "அரே ருக்கு, திட்டாதே. நீ படுற பாட்டைப் பாத்துட்டு நானும் ராஜமாணிக்கம் அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லிவிட்டேன். ஜஹாஸ்ல, கப்பல்லதான் வந்துட்டிருக்கார்."

இரண்டு பேரும் ஒரே கடையில்தான் விசாரித்திருக்கிறோம். அந்த மனுஷன் வாயே திறக்கவில்லை. வருகிறவர்களிடம் சாமான் சொல்லிவிடுவது ஊர் வழக்கம். ஒரே சாமானை இரண்டு பேரிடம் சொல்லிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். போன தடவை இப்படித்தான் இரண்டு இட்லிக் கொப்பரை வந்தது.

ஜனவரி 16

ராஜமாணிக்கம் அண்ணன் வந்துவிட்டார், ரேம் ஜோடி சேர்ந்தாச்சு. 3200! தாலி எடுத்தார், கட்டினார், முடிச்சு போட்டார் – ஒரு திக்கல் இல்லை. நான் போட்ட கூச்சலில் இவர் தோசையைக் கருக்கிவிட்டார்.

ஜனவரி 18

ஹேடோ துறைமுகத்தில் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வந்தேன். கப்பல் போய்விட்டது.

ஜனவரி 23

மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். "முடிச்சு போடறப்ப என் பையனுக்குக் கை நடுங்குச்சும்மா, பாத்தியா? எனக்கும் அன்னைக்கு இப்படித்தான்."

இவரைக் கேட்டேன். தனக்கு நடுங்கவே இல்லையாம். நடுங்கியது. என் கழுத்துக்குத் தெரியாதா?