நடுப்பூ வைக்காத நெட்டு

சேசு மரி சூசை துணை

சூரியநெல்லி
17-11-76

பிரியமுள்ள மகள் சந்தனமேரிக்கு,

ஆமா தாயி, நீ எழுதினதுதான் சரி. உங்க அப்பன் கோமாளி, டீத்தூள் அடைக்குத பெட்டியோட ஈயத்தாள வெட்டி ஒட்டிக்கிட்டுத் திரியுத கிறுக்கன், சம்பந்தகாரங்க முன்னால உன் மானத்த வாங்கினவன், எல்லாம் ஒத்துக்கிடுதேன். சண்டைய அப்புறம் வச்சுக்கிடுவோம், முதல்ல சுகம் கேட்டுருதேன், இல்லன்னா அப்பனுக்குக் கடுதாசி எழுதவும் தெரியலன்னு பம்பாய் நர்சம்மா சொல்லிரும். இங்க நானும் உங்க அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்துல சுகம். கோழிங்க சுகம். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியோட ஆடு ரொம்ப சுகம், நம்ம தோரணத்துல பாதியத் தின்னதுக்குப் பொறவு இன்னும் சுகம். அங்க நீ சுகமா, கல்யாணத்தன்னைக்குத் தலையில போட நீ கடையில வாங்கி வச்சிருக்க வெள்ள நெட்டு அந்தக் கண்ணாடி மூடி போட்ட டப்பாவுக்குள்ள சுகமா, மூச்சு முட்டாம இருக்கா, அதுக்கும் சேத்துப் பதில் எழுது. இத நான் எழுத எழுத உரக்க வாசிக்கேன். உங்க அம்மா எதுத்தாப்ல உக்காந்து சுளகுல அரிசிக்குக் கல்லுப் பொறுக்குதா, எதுவுமே காதுல விழாத மாதிரி. அரிசியில கல்லு தீந்து ரொம்ப நேரமாச்சு.

உன் கடுதாசி போன புதன்கிழமை வந்துது. உங்க அம்மா கையக் கழுவிட்டு வந்து உக்காந்தா, நான் வாசிச்சேன். உள்ளத உள்ளபடிதான் வாசிச்சேன், குரல மட்டும் கொஞ்சம் உன்ன மாதிரி வச்சுக்கிட்டேன். கல்யாணத்துக்கு டீப்பெட்டி ஈயத்தாள்ல நட்சத்திரம் மணின்னு வெட்டித் தொங்க விடாதீங்க, தோரணம் எல்லாம் நான் இங்கருந்து கொண்டாரேன், தலைக்குப் போடுத நெட்டும் வாங்கிட்டேன், அம்மாவத் தைக்க வேண்டாம்னு சொல்லுங்க, அவங்களுக்குக் கண்ணு சரியில்லன்னு எழுதியிருந்த. நீ கண்ணப் பத்தி எழுதின, அவ தையலப் பத்தின்னு எடுத்துக்கிட்டா. நடுவுல நான் என்ன செய்ய, நான் வாசிக்கவன்தான. மடியில கிடந்த நெட்ட உதறி மடிச்சு டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினா. கையில இருந்த ஊசிய நூலோட கொண்டு போயி, சுவத்துல தொங்குத காலண்டர்ல, மாதா படத்துக்குக் கீழ ஒரே குத்தாக் குத்தினா. அன்னையிலருந்து அந்த ஊசி அங்ஙனயேதான் இருக்கு. சட்டைக்குப் பட்டன் தைக்கலாம்னு அத எடுக்கப் போனேன், அதத் தொட்டீங்கன்னா பாத்துக்கிடுங்கன்னா. இம்புட்டுச் சின்ன சாமானுக்கு இம்புட்டுப் பெரிய காவல் போட்டு நான் எந்த எஸ்டேட்டுலயும் பாத்ததில்ல. பட்டன் இல்லாமத்தான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனேன். சாமியார் என் வயித்தப் பாத்துக்கிட்டே பிரசங்கம் வச்சாரு.

உனக்குக் கோவம் நெட்டு மேலயும் இல்ல, ஈயத்தாள் மேலயும் இல்ல, எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்துக்கு நான் கட்டின வளைவு மேல. சரி, அதையும் பேசிருவோம். காலம் பூரா பேக்டரியில டீப்பெட்டி அடிச்சவன் மக விசேசத்துக்கு வேற எதுல வளைவு கட்டுவான், தேக்குலயா? உடைஞ்ச பெட்டிங்கள்ல நல்ல பலகையாப் பொறுக்கி, வாசலுக்கு வளைவா அடிச்சு, சுண்ணாம்பு பூசி, மேல ஈயத்தாள் நட்சத்திரத்த வரிசையா வச்சேன். காலையில வெயில் பட்டப்போ எப்படி இருந்துது, நீயே வெளிய வந்து பாத்துச் சிரிச்சதான, அத மட்டும் கடுதாசியில காணோம். பலகையில, சரக்கு ஏத்துதவனுக்குன்னு கருப்பு மையில அடிச்ச இங்கிலீசு முத்திரை இருக்கும்னு எனக்குத் தெரியாதா, அதுக்குத்தான சுண்ணாம்பு. சுண்ணாம்பு அது வேலையச் சரியாத்தான் செஞ்சுது, துலாமாசத்து மழ, அதான் நம்ம ஐப்பசி மழதான் பத்திரிகை வைக்காமலே வந்துட்டு. நீயும் மாப்பிளயும் மாலையோட வளைவுக்கடியில நிக்கீங்க, சுண்ணாம்பு கரைஞ்சு ஒழுகுது, எழுத்து ஒவ்வொண்ணா எட்டிப் பாக்குது. மாப்பிள தலைக்கு மேல கொக்கி போடக் கூடாதுன்னு, உன் தலைக்கு மேல ஈரம் படாம வைக்கணும்னு, நடுவுல பெரிசா டஸ்ட்டுன்னு. அந்த ஈரம் படாம வைக்கணும்ங்கிற எழுத்துக்கு நேர் கீழதான் உன் மூக்குல சுண்ணாம்புத் தண்ணி சொட்டிச்சு. சம்பந்தியம்மா அண்ணாந்து பாத்துட்டு, ஏனுங்க சம்பந்தி, எங்கூர்ல பந்தலுக்கு வாழமரங் கட்டுவோமுங்க, உங்கூர்ல பொட்டியக் கட்டுவீங்களாட்ட இருக்குதுங்கன்னாங்க. நான், ஆமா, இங்ஙன வாழையக் கட்டினா யானை வந்து முதப் பந்தியில உக்காந்துரும், பெட்டின்னா திங்காதுன்னேன். உள்ளதத்தான சொன்னேன்? அதுக்குப் போயி நீ என்ன முறைச்ச முறைப்புல மழையே கொஞ்ச நேரம் நின்னுட்டு. டஸ்ட்டுன்னா என்ன கேவலமா? சல்லடையில கடைசியா விழுத தூளு, நிறம்னா அதுக்குத்தான் நிறம். நீ பம்பாய்ல டூட்டிக்கு முழிச்சிருக்கக் குடிக்கியே, அந்த டீயில இருக்கது யாருன்னு நெனச்ச?

நீ தலையக் குனிஞ்சு தரையையே பாத்துக்கிட்டு நின்னதால ஒண்ணக் கேக்கல, அத இப்பச் சொல்லுதேன். உன் மாப்பிள ஏசுதாசு வாளையார் செக்போஸ்ட்டுல தினம் டீ லாரியா நிறுத்திப் பாக்கவரு, அவருக்கு அந்த முத்திரையெல்லாம் மனப்பாடம். என் காதுப் பக்கம் சாஞ்சு, மாமா, இந்தச் சரக்குக்குப் பாஸ் இருக்குதுங்களா, இல்லாட்டி ஓரங்கட்டச் சொல்லிப் போடுவனுங்கன்னு சொல்லிட்டு, சிரிக்காம போட்டோவுக்கு நின்னாரு. போட்டோவுல உன் பக்கத்துல ஒரு ஆளு பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்காரே, அது கோவம்னு நெனச்சுத்தான ராவும் பகலும் நீ அழுத? சிரிப்ப அடக்கின மூஞ்சி அது. இவரு நம்ம வீட்டுக்குத் தோதான பயன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மானம் போச்சு மானம் போச்சுங்கியே, போனது வாளையாருக்குப் போயி அங்க ஒருத்தரச் சிரிக்க வச்சிருக்கு, அவ்வளவுதான்.

அடுத்தது ஆடு. தோரணத்த மைதாப் பசை போட்டு ஒட்டினேன், முத்துப்பேச்சி ஆட்டுக்கு அந்தப் பசை பிடிச்சுப் போச்சு, பசையோட தாளும் போச்சு. நம்ம கைவேலைய ஒரு சொல்லு குறை சொல்லாம ஏத்துக்கிட்டது அது ஒண்ணுதான். அதுக்கு உங்க அம்மா, ஆட்ட அவுத்து விட்டுட்டு மனுசங்க விசேசத்தக் கெடுக்காகன்னு சொல்லப் போக, முத்துப்பேச்சி, நாங்க சோறு போடாமயா வளக்கோம்னு கேக்கப் போக, அன்னையிலருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்ல.

இப்ப விசயத்துக்கு வாரேன். நம்ம லயத்து வரிசை வீடுகள்ல ஒரு பொண்ணு கல்யாணம்னா நெட்டுல வீட்டுக்கு ஒரு பூ, அந்த வீட்டுப் பொம்பள தன் கையால வச்சுத் தைக்கணும், இந்து வீடு, நம்மள மாதிரி வேதக்கார வீடுன்னு வித்தியாசம் கிடையாது, சண்டைக்கார வீடும் விடக் கூடாது, இது உனக்குத் தெரியாததில்ல. நீயே எத்தன பேருக்குத் தச்சிருக்க. உன் நெட்டுக்குப் போன ஞாயித்துக்கிழமைன்னு முன்னயே சொல்லி வச்சது. பூசை முடிஞ்சதும் எல்லாரும் வெள்ள ரிப்பன்ல பூ சுத்திக்கிட்டு ஊசியோட வந்துட்டாளுக. மக வேண்டாம்னு எழுதிட்டான்னு சொல்ல உங்க அம்மாவுக்கு வாய் வரல. டிரங்குப் பெட்டிச் சாவியக் காணோம்னா. எல்லாருக்கும் பின்னால முத்துப்பேச்சி வந்து நிக்கா. அவ உங்க அம்மாகிட்ட பேச மாட்டாளே, சுவத்தப் பாத்து, இடுப்புல தொங்குதத எடுத்துத் திறக்கச் சொல்லுன்னா. உங்க அம்மாவும் அதே சுவத்தப் பாத்து, ஆடு மேய்க்கவுகளுக்கு எல்லாம் கண்ணுல படும் போலன்னா. எங்க வீட்டுச் சுவரு அன்னைக்குப் பட்ட பாடு யாரும் பட்டதில்ல. கடைசியில சாவி கிடைச்சுது, எப்படிக் கிடைக்காமப் போகும்.

வாசல்ல கம்பிளிய விரிச்சு வட்டமா உக்காந்துட்டாளுக. பூவுக்கு நடுவுல வைக்க ஈயத்தாள் பொட்டு நான்தான் வெட்டிக் குடுத்தேன், நீ வேண்டாம்னு எழுதினது என் காதுக்கு எட்டல, வாசிச்சது வாய்தான. முத்துப்பேச்சி வச்ச பூவ நீ பாக்கணும், முட்டக்கோசு அளவுக்கு இருக்கு. எதுக்கு இம்புட்டுப் பெரிசுன்னு யாரோ கேட்டதுக்கு, ஆடு தின்னதுக்கும் சேத்துன்னு சுவத்துகிட்ட சொன்னா. கண்ணு சரியில்லாத உங்க அம்மா என்ன செஞ்சா தெரியுமா, அத்தன பேரு ஊசிக்கும் அவதான் நூல் கோத்துக் குடுத்தா, ஒரு தடவ கூடத் தப்பல. கோத்துக் கோத்துக் குடுத்தாளே தவிர, காலண்டர்ல இருந்த அவ ஊசிய மட்டும் எடுக்கல. எல்லாப் பூவும் வச்சாச்சு. நெத்திக்கு மேல வாரது நடுப்பூ, அது பெத்தவ வைக்கிறது, அந்த இடம் மட்டும் காலி. நடுப்பூ எப்ப வைப்பாகன்னு முத்துப்பேச்சி சுவத்தக் கேட்டா, நல்ல நாள் பாத்துன்னு சுவரு வழியா பதில் வந்துது. அவளுக போன பொறவு, ஏன் செபமால, நல்ல நாளு இன்னைக்கு இல்லையான்னு உங்க அம்மாவக் கேட்டேன். அவ நெட்ட மடிச்சுக்கிட்டே, மக கடையில வாங்கினதுல நடுப்பூவும் சேத்துத்தான் இருக்கும்னா. நான் மிச்ச ஈயத்தாளப் பொறுக்கி எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டேன்.

நீ இத வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும் தாயி. கழுத்து நோக ராப்பகலா அம்மா குனிஞ்சு உக்காந்துருவாளேன்னு நீ பயந்த, அந்த வளைவு மாதிரி இன்னொண்ணு நடந்துருமோன்னும் பயந்த, ரெண்டையும் ஒரே வரியில எழுதிட்ட. உன் பம்பாய் நெட்டையே போட்டுக்க, நான் குறுக்க நிக்கல. அதுல பிளாஸ்டிக் பூவாமே, நல்லதுதான், மழைக்குத் தாங்கும், ஆடும் திங்காது. எதப் போட்டுக்கிட்டு வந்தாலும் கையப் பிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறவன் நான்தான், அன்னைக்காவது எனக்குப் பட்டன் இருக்கணும்னா அந்த ஊசி கீழ இறங்கணும். அதுக்காகக் கேக்கேன், வேற ஒண்ணும் இல்ல. அம்மா, நடுப்பூ வச்சாச்சான்னு ஒரே ஒரு வரி எழுது. எனக்கு எழுதாத, அவளுக்கு எழுது, மேல அவ பேரப் போடு. வாசிக்கப் போறது நான்தான்னாலும் அந்த வரிய மட்டும் என் சொந்தக் குரல்லயே வாசிக்கேன்.

இப்ப நான் இத வாசிச்சேன், அவ கை சுளகுல நின்னுட்டு. நிக்கட்டும்.

மத்தபடி விசேசம் ஒண்ணும் இல்ல. போன வாரம் சின்னக்கானல் பக்கம் யானை இறங்கி ரேசன் கடைக் கதவத் தள்ளிருக்கு, கார்டு இல்லன்னு திருப்பி அனுப்பிருப்பாக. பனி கூடுதல். நீ வரும்போது போடியில பஸ்சு ஏறினதும் சால்வையப் போத்திக்க, மேட்டுல காத்து உன் நர்சு படிப்பையெல்லாம் கேக்காது. சாப்பாட்டுக்கு நேரம் தவறாத. ஜனவரி ஆறாந்தேதி மூணு ராஜாக்கள் திருநாளுக்கு முன்னாலயே வந்து சேரப் பாரு. தோரணம் கொண்டாரேன்னயே, மறக்காமக் கொண்டா, நான் கட்டினதுக்குப் பக்கத்துலயே கட்டுவோம், எது முதல்ல போகுதுன்னு ஆடு சொல்லட்டும். அந்த ஒரு வரிய மறந்துராத. ஆண்டவரும் மாதாவும் உன்னக் கண்ணு போலக் காத்து, கை பிடிக்கவரோட நீ சிரிச்ச முகமா

பாரு, ஆசீர்வாதத்த வாசிச்சு முடிக்கல, உங்க அம்மா சுளகக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போறா. ஏ செபமால, ஆசீர்வாதம் பாதியில நிக்குது, கேட்டுட்டுப் போன்னேன். நீங்க எழுதிக்கிட்டே இருங்க, எனக்கு வெளிச்சம் போகுதுன்னுட்டு உள்ள போயிட்டா. டிரங்குப் பெட்டி திறக்குத சத்தம் கேக்குது. திரும்பிப் பாத்தேன், காலண்டர் ஆடிக்கிட்டு இருக்கு, ஊசியக் காணோம்.

இப்படிக்கு,
உன் மானத்த வாங்கின அப்பன்
சுவக்கீன்