அந்த ஒரு கிளை

என்னங்க,

"ஒரு கிளையை வெட்டினதுக்கா அக்கா வீட்டுல போய் உக்காந்திருக்கே?" என்று போனில் கேட்டீர்கள். நான் வாயைத் திறந்தால் நடுவில் புகுந்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பூங்காவில் அந்தத் தேன்சிட்டுக் கூட்டை முதலில் பார்த்தவள் நான். முன்னால் தொங்கிய கிளை நீங்கள் எடுக்கும் வீடியோவை மறைக்கிறது என்று, என் சமையலறைக் கத்தரிக்கோலாலேயே அதை வெட்டினீர்கள். "வேண்டாங்க, அந்த மறைப்பை நம்பித்தான் கூடு கட்டியிருக்கு" என்று கெஞ்சினேன். "சும்மா இரு, வெளிச்சம் போயிடும்" என்றீர்கள்.

மறுநாள் காக்கை வந்தது. கையைத் தட்டியிருந்தால் பறந்திருக்கும். தட்டப் போன என் கையை எட்டிப் பிடித்து முறுக்கினீர்கள். உங்கள் இன்னொரு கையில் இருந்த கேமரா துளிக்கூட ஆடவில்லை. குஞ்சுகள் இரண்டும் போன பிறகுதான் விட்டீர்கள்.

நேற்று அக்கா டீவியில் உங்கள் வீடியோவைப் போட்டாள். தலைப்பு 'இயற்கையின் கொடூரம்'. வெட்கமாக இல்லையா உங்களுக்கு? "விடுங்க, வலிக்குது" என்று நான் கத்திய இடத்தில் புல்லாங்குழல் ஒலிக்கிறது.

"எவ்வளவு பொறுமையான மனுஷன். இவர்கிட்ட போய் கோவிச்சுக்கிட்டு வந்திருக்கியே, கிளம்புடி" என்கிறாள் அக்கா. இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் என்னைக் கூப்பிட இங்கே வர வேண்டாம். வெட்டாத வீடியோவை, புல்லாங்குழல் இல்லாமல், அக்காவுக்கு அனுப்புங்கள். அதைக் கேட்ட பிறகும் அவள் கிளம்பச் சொன்னால், வருகிறேன்.

இப்படிக்கு,
கூட்டை முதலில் பார்த்தவள்