விட்பி வானில் சொன்ன சைக்கிள் கதை

மார்ச் 9, திங்கள்

என்ன கொப்பி, எப்படிப் பாடு? குளிர் காலம் முழுக்க உன்னைத் திறந்து ஒரு வரி எழுதவில்லை. கோபித்திருப்பாய். நான் சுகம். முழங்கால் மட்டும் கொஞ்சம் சரியில்லை. வெளியே பனி கரைந்து கூழாய்க் கிடக்கிறது. சப்பாத்துக்குள் தண்ணீர்.

யோகன் ஃபோன் எடுத்தான். அடிக்கட்டும் என்று விட்டேன். திரும்பவும் அடித்தது. என் மனிசி எடுத்துக் கையில் திணித்துவிட்டாள்.

யோகனை உனக்கு முதலே சொல்லியிருப்பேன், மறந்திருப்பாய். எங்கள் ஊர், அடுத்த ஒழுங்கை. இப்போது இங்கே கனடாவில், விட்பியில் ரொட்டி செய்கிற பக்ரரியில் மனேஜர். நானும் அங்கேதான் லைனில் நின்றேன், கடைசி இலையுதிர்காலம் வரை. ஒருநாள் எல்லாரும் நிற்கத்தக்கதாய், "அப்பு, நீங்கள் வீட்டில இருந்து பேரப்பிள்ளையளைப் பாருங்கோ. எங்களுக்கு இனி இளசுகள்தான் வேணும்" என்றான். அப்பு! கிழவரைக் கூப்பிடுகிற சொல். எனக்கும் அவனுக்கும் சில வயதுதான் வித்தியாசம். பேரப்பிள்ளையும் எனக்கு இல்லை. மகளுக்கு இன்னும் கலியாணப் பேச்சே தொடங்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள்.

இப்போது ஃபோனில் குரல் தேன்.

"அண்ணை, பெடி பெட்டையள் வருகினம், ஒரு கிழமை நிக்கினம், ஓடுகினம். எல்லாரும் இருக்கிறது ஸ்காபரோவில. விட்பிக்கு பஸ்ஸும் ஒழுங்கா இல்லை. ஆக்களை ஏத்தி இறக்க நீங்கள் ஒரு வான் ஓடினா நல்லது."

"ஓம்" என்றேன். யோசிக்கவே இல்லை.

மனிசி அகப்பையோடு வந்து நின்றாள். "உங்களுக்கு ரோசம் எண்டு ஒண்டு இருக்கோ?"

"இருக்கு. அதாலதான் போறன்."

அவளுக்கு விளங்கவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். 401 நெடுஞ்சாலையின் காலை நெரிசலில் ஒரு நல்ல கதைக்கு இடம் இருக்கிறது. கேட்கப்போவது யோகனுக்குக் கீழே வேலை செய்யும் இளசுகள். கதை யோகனைப் பற்றியது. இனி அவனைப் பார்த்து ஒருத்தரும் மரியாதையாய்த் தலையாட்டக் கூடாது. திட்டம் அவ்வளவுதான்.

வாங்க வேண்டியது: வைப்பர், கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணி, தொண்டைக்கு மிட்டாய்.

மார்ச் 10, செவ்வாய்

இருட்டு. தூறல். வான் நிறைய ஆட்கள். எல்லார் காதுகளிலும் பாட்டுக் கேட்கிற வெள்ளைக் குமிழ். முன் சீற்றில் தர்சிகா. இங்கே பிறந்தவள், வாய்க்காரி. அவளுக்குப் பின்னால் நிரோஜ். வவுனியாப் பெடியன், வந்து கொஞ்சக் காலம், எந்த நேரமும் பசி.

பிக்கரிங் தாண்டினதும் கதையைத் தொடங்கினேன். ஒருவரையும் பார்த்துச் சொல்லவில்லை. றோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"உங்கட மனேஜர் ஒரு வருசம் முழுக்க சைக்கிளோட திரிஞ்சவர். ஓடத் தெரியாது. தள்ளிக்கொண்டே திரிஞ்சவர்."

முதல் குமிழ் கழன்றது. பிறகு மற்றவை.

"சீரியஸ்லி, அங்கிள்? ஏன் தள்ளினவர்?" தர்சிகா.

"ஓடத் தெரியாது எண்டு சொல்ல வெக்கம். ஆரும் கேட்டா, பஞ்சர் எண்டுவார். காலமையும் பஞ்சர், பின்னேரமும் பஞ்சர். கரியரில ஒரு தடிச்ச இங்கிலிஸ் புத்தகம். அதை ஒருநாளும் திறந்தவர் இல்லை."

வான் குலுங்கியது, சிரிப்பில். நடுவில் அந்தச் சைக்கிளை விற்ற சின்னத்துரையின் கதைக்குள் போய்விட்டேன். சின்னத்துரை தும்மினால் ஒழுங்கைக் கோழி எல்லாம் பறக்கும். அதிலிருந்து கோழிச் சண்டை. அதிலிருந்து ஒரு வழக்கு. விட்பி வந்துவிட்டது. மிச்சம் நாளைக்கு என்றேன்.

"அங்கிள், நொட் ஃபெயர்!"

பக்ரரி வாசலில் யோகன், சுருக்கமாய் யோ., நின்றான், கோப்பிக் கப்போடு. தர்சிகா அவனைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அவன் தன் சேட்டின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தான், கோப்பி ஏதும் ஊற்றுண்டதோ என்று.

இன்று இரவு நல்லாய்ச் சாப்பிட்டேன். இரண்டாம் தரம் சோறு போட்டேன்.

மார்ச் 12, வியாழன்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். வலது முன் ரயரில் காற்றுக் குறைவு, பார்க்க வேண்டும்.

நிரோஜ் இன்று செய்த வேலை! பெட்டி இழுக்கிற வண்டிலை லைன் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனானாம், பிடியில் ஒரு கையை வைத்து, தலையைச் சரித்து. யோ. கேட்டானாம், "ஏன்ராப்பா இவ்வளவு மெதுவா?"

"பஞ்சர், சேர்."

சிரிப்பில் லைன் நின்றே விட்டதாம். யோ.வுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம் என்று எழுத வந்தது. எழுதமாட்டேன்.

இன்றைய பங்கு: யோகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினது. புரோக்கர் சொன்னது, "பெடியன் சைக்கிள்காரன்." அந்தக் காலம் அது பெரிய தகுதி. உண்மை பாதி, என் கைச்சரக்கு பாதி. கைச்சரக்கில் உறைப்புக் கொஞ்சம் கூட.

மார்ச் 16, திங்கள்

காற்று. வானைத் தள்ளுகிறது. மகள் வந்து போனாள், இடியப்பம் கட்டிக் கொடுத்தோம்.

யோ. வானுக்குக் கிட்ட வந்தான். பல் முழுக்க வெளியே. கதை காதுக்குப் போய்விட்டதோ என்று கண்ணாடியை ஏற்றப் பார்த்தேன். இல்லை.

"அண்ணை, நீங்கள் வான் எடுத்த பிறகு ஒருத்தரும் நிக்கேல்லை. விட்டிட்டுப் போன ரெண்டு பேரும் திரும்பி வந்திருக்கினம்! கொம்பனியின்ர ரீஜன் ஒபிசில இருந்து வெள்ளிக்கிழமை ஆக்கள் வருகினம், கமராவோட. இந்தப் பக்கத்தில ஒரு பக்ரரியிலயும் இளம் ஆக்கள் நிக்கிறேல்லையாம், எங்களிட்ட மட்டும் எப்பிடி எண்டு கேக்கினம். ஹெட் ஒபிசிலயும் எனக்கு ஒரு பெரிய கதிரை குடுக்கக் கதைபடுது."

"அப்ப நல்லம்" என்றேன். நாக்கில் வேப்பெண்ணெய்.

வீட்டில் சொன்னேன். மனிசி அடுப்படியில் இருந்து சிரித்த சிரிப்பு, கீழ்வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும்.

"விழுத்துறன் எண்டு போய் உவனைத் தோளில தூக்கி வைச்சிருக்கிறியள்! மாலையும் வாங்கிக் குடுங்கோவன்."

தேத்தண்ணி குடிக்கவில்லை. ஆறிப்போனது.

மார்ச் 17, செவ்வாய்

திரும்பவும் தூறல். தர்சிகாவிடம் நேரடியாய்க் கேட்டேன்.

"பிள்ளை, உனக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ?"

"ரெக்ஸ்டேல்ல ஒரு வேலைக்குக் கூப்பிட்டவை, அங்கிள். ஸ்டார்ட் பண்ணச் சொன்னவை. நான்தான் வெயிற் பண்றன். மனேஜர் அந்தச் சைக்கிளில ஏறினவரோ இல்லையோ எண்டு தெரியவேணும்."

"மனேஜர் உங்களை நிப்பாட்ட வாங்கித் தாற பிஸ்ஸாவுக்காக இல்லையோ?"

நிரோஜ் பின்னாலிருந்து, "அது ஆறின பிஸ்ஸா, அங்கிள். பிங்பொங் மேசையும் வைச்சவை. அதுக்கு மேல ரொட்டிப் பெட்டி அடுக்கியிருக்கு."

ஆக, என் வாய்தான் அவனுடைய பக்ரரியைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் போட்ட நஞ்சு அவனுக்கு உரம்.

இன்றைய பங்கு, தெரிந்துகொண்டே சொன்னேன்: பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை பார்க்க வந்தார். பட்டு வேட்டி, பச்சைக் கரை. விறாந்தையில் சைக்கிள் நின்றது. மனிதர் நேரே போய்க் கரியரில் ஏறி இருந்தார். "தம்பி, சந்தி மட்டும் என்னைக் கொண்டுபோய் இறக்கி விடும். மிதியும்" என்றார்.

அதோடு நிறுத்தினேன். இனித் திறக்கமாட்டேன். வாயை மூடினால் வான் காலியாகும். வான் காலியானால் வெள்ளிக்கிழமை கமராவுக்கு யோ. தன் முகத்தை மட்டும்தான் காட்ட வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

இரண்டு நாளாய்க் கதை இல்லை. றேடியோ போட்டுவிட்டேன். காலநிலை, நெரிசல், திரும்பக் காலநிலை.

"அங்கிள், ப்ளீஸ். மிதிச்சவரோ?"

"தொண்டை நோகுது, பிள்ளை."

"நேற்றும் தொண்டை எண்டனீங்கள். மிட்டாய் சூப்பிக்கொண்டுதானே இருக்கிறியள்!"

வான் முழுக்க முகம் நீட்டு. குமிழ்கள் காதுக்குத் திரும்பிவிட்டன. இறங்கும்போது தர்சிகா, "அப்ப நான் ரெக்ஸ்டேலுக்கு ஓம் எண்டு சொல்லப்போறன்" என்றாள். நிரோஜும் தலையாட்டினான். எனக்கு மனம் குளிர்ந்தது. அடக்கிக்கொண்டேன்.

உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன், கொப்பி. நடந்தது இதுதான், இதில் கைச்சரக்கு இல்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். யோ. மிதித்தான். சைக்கிள் நாலு பக்கமும் ஆடியது. பட்டு வேட்டி சங்கிலிக்குள் போனது. மனிதர் வாய்க்காலுக்குள், வேட்டி சைக்கிளில். யோ. சைக்கிளையும் விட்டு, மாமனாரையும் விட்டு, தோட்டத்துக்குள்ளால் விழுந்தடித்து ஓடினான். என்னுடைய சாரத்தைத்தான் அந்த மனிதருக்குக் கட்டக் கொடுத்தேன். கலியாணம் குழம்பியது. பிறகு அவன் வெளிநாடு வந்தது, இங்கே வேறு இடத்தில் கட்டியது, எல்லாம் அதற்குப் பிறகு.

மார்ச் 20, வெள்ளி

வானுக்குள் இருந்து எழுதுகிறேன். பக்ரரிப் பார்க்கிங். நல்ல வெயில், பனிக் குவியல் எல்லாம் கறுத்துக் கிடக்கிறது. ஹீற்றர் போட்டிருக்கிறேன்.

கமராக்காரர் வந்துவிட்டார்கள். ஒரு மனுசி, கழுத்தில் பச்சை ரை கட்டின ஒருவர். இளசுகளை இருத்திக் கேட்டார்களாம், ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று. பிஸ்ஸா, பிங்பொங் என்று யோ. முந்திக்கொண்டானாம். தர்சிகா ஓடி வந்து மிச்சத்தைச் சொன்னாள்.

"நான் சொல்லிட்டன், அங்கிள். வான்ல ஒரு சைக்கிள் ஸ்டோரி, அதாலதான் நிண்டனாங்கள், இப்ப அங்கிள் நிப்பாட்டிட்டார், முடிக்காட்டி நாங்கள் போறம் எண்டு. அந்த லேடிக்கு சரியான விருப்பம்! உங்களைக் கூட்டி வரட்டாம், ரெக்கோட் பண்ணப் போகினமாம்."

"அது ஆரைப் பற்றின கதை எண்டு சொன்னனீயோ?"

"இல்லை. ஆனா மனேஜர்ட முகம் மாறிட்டுது."

அவள் போகவும் யோ. வந்தான். ஜக்கற் இல்லாமல், குளிருக்குள். கண்ணாடியை இறக்கினேன், பாதி.

"அண்ணை, உது வேண்டாம். வேற ஏதும் சொல்லுங்கோ. கோழிச் சண்டை கதை ஏதும். திங்கக்கிழமை லைனுக்கு வாங்கோ, உங்கட இடம் உங்களுக்குத்தான்."

பொய் எழுதமாட்டேன், ஓம் என்று சொல்லப் பார்த்தேன். லைன் வேலை நல்ல வேலை. மனிசி சந்தோசப்படுவாள். பிறகு அந்தச் சிரிப்புக் காதுக்குள் கேட்டது.

"எனக்கு இங்கிலிஸ் வராது, யோகன். வந்திருக்கிறவைக்குத் தமிழ் வராது. நீர் பக்கத்தில நிண்டு இங்கிலிசில சொல்லும்."

"தர்சிகா சொல்லட்டும், அண்ணை."

"அவள் சின்னப்பிள்ளை, கண்டவளோ? சங்கிலிக்குள்ள வேட்டி போனதை நீர் கிட்ட நிண்டு கண்டனீர். ஒரு சொல்லு விட்டாலும் தர்சிகா பிடிப்பாள். கவனமாச் சொல்லும்."

திரும்பி நடந்தான். கமராக்காரர் வாசலில் நின்று கையசைத்தார்கள், அவனும் அசைத்தான். வேறு வழி?

நான் ஆறுதலாய்ப் போவேன். மிட்டாய் ஒன்று வாயில். முதல் பஞ்சர், பிறகு புத்தகம், சின்னத்துரையின் தும்மலையும் விடமாட்டேன், அவசரம் இல்லை. ஒவ்வொன்றும் சொல்லி நிறுத்தி, அவன் அதை இங்கிலிசில் சொல்லி முடிக்கும் மட்டும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு இருந்து, அவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, மெதுவாய், அந்தப் பட்டு வேட்டியின் பச்சைக் கரையை

நிரோஜ் கண்ணாடியில் தட்டுகிறான். "அங்கிள், எல்லாரும் இருந்திட்டினம்! மனேஜர் மைக்கோட நிக்கிறார், கெதியா வாங்கோ!" வாறன்டா, இந்த ஒரு வரி, அந்தப் பச்சைக் கரையை எடுத்து