கேப்டன் பார்க்கும் திசை

வெள்ளிக்கிழமை, மதியம்

மதிப்புக்குரிய எழுத்து மாமாவுக்கு,

வால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன்னால் உறைக்குள் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். ஏழு வெற்றுத் தாள்கள் இருக்கும். எல்லாவற்றிலும் தயாரிப்பாளர் ஐயாவின் பெயரும் முத்திரையும் அச்சாகியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் பையிலிருந்து நான் சுட்டது பத்து. தப்பாக டைப் அடித்ததில் இரண்டு வீண். ஒன்று உங்களுக்கு வந்தது. மிச்சம் இது. இனி என்னிடம் ஒன்றுமில்லை. ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

நீங்களும் அத்தையும் நலமா? அந்த மலை ஊரில் குளிருக்கு அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே அம்மா நலம். எனக்கு வழக்கம்போல உடம்பு நலம், நடத்தை சுமார். போனில் பேசலாம் என்றால் என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். நியாயம்தான். நானாக இருந்தால் வீட்டையே மாற்றியிருப்பேன்.

அந்த நாய் விஷயத்துக்கு இதுவரை நான் ஒழுங்காக மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பா கேட்கச் சொன்னதால் கேட்டேன். அது கணக்கில் வராது. தயாரிப்பாளர் எழுதுகிற மாதிரி, 'குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள், கப்பலில் ஒரு நாய் சேர்க்கவும்' என்று நான் அடித்த கடிதத்தை நம்பி, நீங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து நம் விண்வெளித் தொடரில் இரண்டு பகுதிகளை மாற்றி எழுதினீர்கள். நாயும் வந்தது. வந்த நாய் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்ததும் காலைத் தூக்கி, கப்பலின் மொத்த மின்சாரத்தையும் அணைத்துவிட்டது. அரை நாள் ஷூட்டிங் போச்சு. திட்டு உங்களுக்கு விழுந்தது. நான் வீட்டில் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மாமா, இப்போது சிரிக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

கடிதம் என்றால் அதில் பாதி கடி என்பதுதான் என் கட்சி. இன்றைக்குக் கட்சி மாறிவிட்டேன். விஷயத்தைச் சொல்கிறேன்.

அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

இருட்டாகிவிடவில்லை. ஓரமெல்லாம் தெரிகிறது, நடுவில்தான் இல்லை. எதை நேராகப் பார்க்கிறாரோ அது ஒரு சாம்பல் வட்டத்துக்குள் போய்விடுகிறதாம். அதனால் நடக்கிறார், செருப்பைக் கண்டுபிடித்து மாட்டுகிறார், டம்ளரைச் சரியாகப் பிடிக்கிறார். எழுத்து படிக்க முடியாது. ஆள் தெரியும், முகம் தெரியாது. இரண்டு கண்ணும்தான். போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றரை வருடமாக இப்படி. எனக்குத் தெரிந்து மூன்று வாரம்.

இத்தனை நாள் ஷூட்டிங்கில் ஒருத்தருக்கும் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். எப்படித் தெரியும் மாமா? அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நாலு பக்கமும் பச்சைத் துணி. விண்கல் வருகிறது என்றாலும் பச்சைத் துணி, எதிரிக் கப்பல் என்றாலும் அதே துணி. ஒன்றுமில்லாத இடத்தை ஏதோ இருக்கிற மாதிரி பார்ப்பதற்குத்தானே அப்பாவுக்குச் சம்பளம்? பத்து வருடமாகக் கேப்டன் வேஷத்தில் அதைச் செய்தவர், இப்போது எதிரில் ஆள் நின்றாலும் அதையே செய்கிறார். போன மாதம் டைரக்டர் வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் என்ன சொன்னார் தெரியுமா? "இப்பல்லாம் கேப்டன் பார்வையே வேற மாதிரி இருக்கு. எதிர்ல இருக்கறவன ஊடுருவி, பின்னாடி எதையோ பார்க்குறாரு. உடம்பு சிலிர்க்குது!" அம்மா எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார். திரும்பி வர ரொம்ப நேரமாச்சு.

நான் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை. கணக்குப் பரீட்சையில் முப்பத்தொன்று வாங்கியிருந்தேன். அப்பாவின் கையெழுத்து வேண்டும். சும்மா நீட்டினால் உதை. அதனால் அவர் வசனம் வைத்திருக்கிற கோப்பில், நீங்கள் அனுப்பிய தாள்களை எடுத்துவிட்டு என் விடைத்தாளைச் செருகினேன். திறப்பார், திகைப்பார், சிரிப்பார், சிரித்த கையோடு கையெழுத்துப் போடுவார் என்பது திட்டம்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். "பிராணவாயு இன்னும் ஆறு மணி நேரம்தான். அதுக்குள்ள ஒருத்தரும் பயப்படக் கூடாது, இது என் உத்தரவு" என்று ஆரம்பித்தார். என் இயற்கணிதத்தைப் பார்த்து, ஒரு சொல் பிசகாமல், மூன்று பக்கம். எங்கே திருப்ப வேண்டுமோ அங்கே தாளைத் திருப்பினார். முதல் பக்கத்தில் முப்பத்தொன்றைச் சுற்றி ஆசிரியர் போட்ட சிவப்பு வட்டம் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. அதன் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "எப்படி இருக்கு வாலு?" என்று கேட்டார். நல்லா இருக்குப்பா என்றேன். கையெழுத்துக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. எனக்கு, மாமா. எனக்கே.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. தெருவில் போக்குவரத்துக் காவலர் வண்டிகளை நிறுத்தக் கையைத் தூக்கினார். அப்பா யாரோ ரசிகர் என்று நினைத்துப் பதிலுக்கு ஒரு சல்யூட் அடித்தார். அவரும் அசந்துபோய்த் திருப்பி அடித்தார். அதை நான் ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் நடித்துக் காட்டினேன். தினம் சாயந்திரம் அம்மாவும் அப்பாவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தார்கள். வயசான காலத்தில் காதல் என்று கிண்டல் செய்தேன். காதுவைத்துக் கேட்டால், அம்மா உங்கள் வசனத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். 'உங்கள் கப்பல் எங்கள் பிடியில் இருக்கிறது, சரணடையுங்கள்' என்பதை 'அரை கிலோ வெங்காயம், கால் கிலோ தக்காளி' மாதிரி வாசிக்கிறார். அப்பா ஒருமுறை கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் சொல்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. நாய்க் கடிதம் வெளியே வந்தபோது அப்பா என்னைப் பத்து நாள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஞாபகம் இருக்கும். கொஞ்ச மாதமாக மறுபடியும் அப்படித்தான் செய்தார். நான் எதிரில் வந்து நின்றால் முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். எந்தக் குறும்பு மாட்டிக்கொண்டது என்று நானும் பட்டியல் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. இப்போது தெரிகிறது. நேராகப் பார்த்தால் நான் வட்டத்துக்குள் போய்விடுவேன். திருப்பிக்கொண்டால்தான் ஓரத்திலாவது இருப்பேன். அப்பா என்னைப் பார்ப்பதற்குத்தான் முகத்தைத் திருப்பியிருக்கிறார். நான் கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவை அடைத்தேன்.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், நீங்கள் அனுப்பிய இருநூறாவது பகுதிக்காக. இரண்டு கப்பல்களுக்கு நடுவில் பாலம், ஒரு அடி அகலம், கேப்டன் தனியாக நடந்து போகிறார். எழுத்தில் படிக்க அருமையாக இருக்கிறது. அந்தப் பாலத்தைத் தச்சர்கள் கட்டி முடித்துவிட்டார்கள். பன்னிரண்டு அடி உயரம். மெத்தை ஒரு பக்கம்தான். மறுபக்கம் கேமரா நிற்க வேண்டுமாம். கேப்டன் கயிறு கட்டமாட்டார், எல்லாம் அவரே செய்வார் என்று டைரக்டர் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அம்மா கெஞ்சியதைக் கேட்டேன். "அவர்கிட்டயாவது சொல்லுங்க. உங்க சிநேகிதர்தானே, மாத்தி எழுத மாட்டாரா?" அதற்கு அப்பா: "அவன் மாத்திருவான். அதான் சொல்லல. இரக்கப்பட்டு எழுதின சீன்ல நான் நிக்க மாட்டேன். கண்ணு போனாப் போகட்டும்டி, பச்சைத் துணில பார்க்க என்ன இருக்கு? கேப்டனும் போயிட்டா நான் யாரு?" யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பரீட்சை நேரம் என்று எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் சொல்லாததால் என்னிடம் யாரும் சத்தியமும் வாங்கவில்லை. இந்தச் சந்து வழியாகத்தான் வந்திருக்கிறேன்.

எண்ணி நடந்துவிடலாம் என்று அப்பா நம்புகிறார். அவர் உங்களிடம் வந்து சேர்வதற்கு முன் நாலு வருடம் ராட்சதப் பல்லி வேஷத்தின் பின்பாதியாக இருந்தவர் ஆச்சே. முன்னால் ஒருத்தர் தலை, பின்னால் அப்பா வால். ரப்பருக்குள் கும்மிருட்டில் குனிந்து, அடி எண்ணியே நடந்திருக்கிறார். அந்தச் சமயத்தில் பிறந்ததால்தான் எனக்கு இந்தப் பெயர். தலையாக இருந்தவர் ஒருநாள் அப்பாவின் காலை மிதித்ததும் உள்ளேயிருந்து அப்பா போட்ட சத்தத்தைக் கேட்டு, "வாலுக்கு இவ்வளவு நல்ல குரலா?" என்று கேட்டு வெளியே இழுத்தது நீங்கள்தான். கேப்டன் என்ற ஆளை எழுதியதே அந்தக் குரலுக்காக என்று அப்பா நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

ஆனால் மாமா, நேற்று மதியம் அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் தூங்குவதாக நினைத்து அப்பா கூடத்தில் நடந்து பார்த்தார். தரையில் ஒரு வரிசைக் கல்தான் பாலம். பதினாலு காலடி. ஐந்து தடவை நடந்தார். மூன்று தடவை கடைசியில் கால் ஒரு சாண் வெளியே விழுந்தது. அவருக்கு அது தெரியவில்லை. பதினாலு எண்ணி, நின்று, கேப்டன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். வெறும் தரை, அதனால் ஒன்றும் ஆகவில்லை.

என் கோரிக்கை இதுதான். பாலத்தை எடுத்துவிடுங்கள். கேப்டனைச் சாகடித்து விடாதீர்கள், வேறு கிரகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொடுத்தும் அனுப்பிவிடாதீர்கள். கேப்டனுக்கும் கண் போகட்டும். ஏதாவது ஒரு நட்சத்திரத்தை ரொம்பப் பக்கத்தில் பார்த்ததில் போகட்டும். அதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் தெரியாத கேப்டன் கப்பலை எப்படி ஓட்டுவார் என்று எழுதுங்கள். கண் தெரியாமல் ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறாரே, பார்த்தீர்கள்தானே. இரக்கப்பட்டு மட்டும் எழுதாதீர்கள். உங்களிடம் மறைத்தாரே, அந்தக் கோபத்தோடு எழுதுங்கள்.

நம்ப முடியவில்லை என்றால் அம்மாவைக் கூப்பிட்டு, வசனம் யார் வாசிக்கிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அம்மாவுக்குப் பொய் வராது. உறையில் உள்ள தாளிலேயே தயாரிப்பாளர் சொல்வதாக நாலு வரி அடித்து அனுப்பியிருக்கலாம். கையெழுத்துகூட எனக்கு இன்னும் அச்சாக வருகிறது. செய்யவில்லை. நாளைக்குத் தபாலில் போட்டால் புதன்கிழமை கைக்கு வரும். பாலம் அதற்கடுத்த திங்கள்கிழமை.

சனிக்கிழமை, காலை

மாமா, உறையை ஒட்டுவதற்கு முன்னால் மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் எழுதியது என்று பார்த்தால் இதுவும் நாய்க் கடிதத்துக்குத் தங்கச்சிதான். அதனால் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார்.

நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கணக்குல முப்பத்தொண்ணா?" ஆமாம்ப்பா என்றேன். பாலத்தைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் உறையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "அந்த நாயை எங்க விட்டான்?" என்றார்.

நூற்று நாற்பத்தொன்றாவது பகுதியில், பனிக் கிரகத்தில் என்றேன்.

"இன்னும் உயிரோட இருக்குமா?"

எழுத்து மாமாவைத்தான் கேட்கணும் என்றேன்.

"கேளு. கண்ணு தெரியாதவனுக்கு ஒரு நாய் தேவைப்படும்னு சொல்லு" என்றார். பிறகு, "ஸ்டாம்ப் ஒட்டியாச்சா?" என்றார்.

அதனால் கேட்கிறேன். அந்த நாய் பனியில் எங்கேயாவது பத்திரமாகத்தான் இருக்கும். கப்பலைத் திருப்பிக் கொண்டுபோய் அதை அழைத்து வாருங்கள், மாமா. இந்தத் தடவை ஒழுங்காக நடந்துகொள்ளும். நான் பொறுப்பு.

ஸ்டாம்பைப் பற்றிக் கேட்டுவிட்டு அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். நான் கலைந்திருந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, அசையாமல் நின்றேன்.

உங்கள் பதிலுக்காகக் கும்பிட்ட கையோடு,
வால்