தம்பியிடம் உள்ள தாள்

அன்புள்ள ரபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மஸ்கட்டில் நலம். உன் மூட்டுவலி எப்படியிருக்கிறது?

நம் கிரிப்டோ சேமிப்பின் ரகசியச் சாவியைக் எழுத்துகள் போட்ட காகிதச் சக்கரத்தைத் திருப்பிக் கணக்குப் பார்த்து, கணினியில்லாமல் கையாலேயே மூன்று தாள்களாகப் பிரித்தேனே, அதில் என் தாள் சட்டைப்பையோடு துவைத்ததில் கூழாகிவிட்டது. பயப்படாதே. எந்த இரண்டு தாள் சேர்ந்தாலும் சாவி கிடைக்கும். உன்னுடையது இருக்கிறது. இன்னொன்றுதான் தம்பி ஷஹ்பாஸிடம்.

எங்கள் இருவருக்கும் பொதுவான அம்மாபேட்டைக் கடையை அவன் தன் பெயருக்கு எழுதி வாங்கிய அன்று, “நீங்க குடுத்த தாளையும் எடுத்துட்டுப் போங்கண்ணே” என்றான். “கிழிச்சுப் போடுடா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நம் மகள் மஹீன் கல்யாணத்துக்கு அந்தச் சேமிப்பை விட்டால் வேறு வழியில்லை. நானே அவனிடம் கேட்கிறேன். அவன் எண்ணை அழித்துவிட்டேன்; மெசேஜில் அனுப்பாமல் நீயே என்னைக் கூப்பிட்டு அந்த எண்ணைச் சொல். என் பேச்சை ஒருநாளும் கேட்காதவன், அன்றும் கேட்டிருக்க மாட்டான் என்றுதான் நம்பியிருக்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பரக்கத் அலி