என் கொல்லையில் ஓடிய குழாய்

மே 5, 1952. திங்கள்

கோடை விடுமுறையின் முதல் வாரம். விடியுமுன் அடுத்த தெருக் குழாய்க்குப் போனேன். எனக்கு முன்னால் முப்பத்திரண்டு குடம். என் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. புழல் ஏரியில் சேறு தெரிகிறது என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். வெறும் குடங்களோடு திரும்பிக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோறு வடித்தேன்.

கொல்லையில் சமையலறைச் சுவரோரம் மண் ஈரமாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் மீன் கழுவிய தண்ணீரை வேலிக்கு இந்தப் பக்கம் கொட்டியிருப்பாள் என்று சண்டைக்குப் போனேன். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. குளித்தே மூன்று நாள் ஆகிறதாம், கொட்டுவதற்குத் தண்ணீர் எங்கே என்றாள். நியாயம்தான். அப்படியானால் இந்த ஈரம்?

மே 7, புதன்

ஈரமான இடம் ஒரு சாண் உள்வாங்கிவிட்டது. குழியில் தண்ணீர் நிற்கிறது, தெளிவாக. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. பிறகு கையால் அள்ளிக் குடித்தேன். குடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக் கொல்லையில் எனக்கென்ன பயம்?

சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

மே 8, வியாழன்

தண்ணீர் ஆபீஸுக்குப் போனேன். ஓவர்சியர் லட்சுமணன் என்னைப் பார்த்ததுமே சலித்துக்கொண்டார். வீட்டுக்குக் குழாய் கேட்டு ஆறு வருஷத்தில் மூன்று விண்ணப்பம் போட்டவள் நான். மூன்றுக்கும் ஒரே பதில்: ‘தங்கள் தெருவில் பிரதானக் குழாய் இல்லாமையால் இணைப்புத் தர இயலாது.’

இன்றைக்கும் வரைபடத்தை விரித்துக் காட்டினார். “உங்க தெருவுல குழாயே கிடையாதும்மா. இல்லாத குழாய் எப்படி உடையும்?”

அப்படியானால் என் சுவரை நனைப்பது எது என்று கேட்டேன். நிலத்தடி ஊற்றாக இருக்கும் என்றார். பத்தடி தள்ளி இருக்கிற என் கிணற்றில் வாய் வைக்க முடியாத உப்பு. அதற்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊற்றாம். ஐந்தாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்துகிறவளிடம் சொல்கிற பேச்சா இது.

நாளைக்கு ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்துவிடுவது.

மே 9, வெள்ளி

இன்று தோண்டியாயிற்று. 

வியாசர்பாடியிலிருந்து மண்ணாங்கட்டி என்கிறவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மண் வேலையில் பழுத்த கை. இரண்டரை அடியில் கடப்பாரை ‘டங்’ என்றது. இரும்புக் குழாய். பக்கத்துச் சந்து வழியாக வந்து, கொல்லையைக் கடந்து, சமையலறை மூலைக்கு அடியில் போய், பின்மதிலைத் தாண்டுகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் சுப்புராயனின் ஐஸ் பேக்டரி. ஈயம் ஊற்றிய மூட்டு ஒன்று விட்டுப்போய்த் தண்ணீர் பீறிடுகிறது.

மண்ணாங்கட்டி குழிக்குள்ளேயே நின்றார். ஏறி வரவில்லை. மதிலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“இத்த வெட்னது நான்தாம்மா.”

1942. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலி செய்து ஓடியபோது நானும் அப்பாவும் மீஞ்சூர்ப் பக்கம் போய் ஐந்து மாதம் இருந்தோம். அப்போது தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. மேஸ்திரி வந்து, ராணுவத்துக்கு ஐஸ் வேண்டும், சர்க்கார் வேலை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாராம். படலைத் திறந்து உள்ளே வந்து வெட்டினார்களாம். இரண்டே நாளில் முடித்து மண்ணை மூடிவிட்டார்களாம்.

நினைவு இருக்கிறது. திரும்பி வந்தபோது கொல்லை மண் கிளறிக் கிடந்தது. யாரோ புதையல் தேடியிருக்கிறான் என்று அப்பா சிரித்தார். மூன்று வருஷம் கழித்து அதன் மேலேயே சமையலறையைக் கட்டினார்.

பத்து வருஷம். பத்து வருஷமா என் அடுப்புக்கு அடியிலே நல்ல தண்ணி ஓடிகினு இருந்திருக்கு. நான் அது மேல உக்காந்து உப்புத் தண்ணியில சோறாக்கிகினு இருந்திருக்கேன். அப்பா சாகிற அன்னிக்கு நல்ல தண்ணி கேட்டாரே — சிலுவையம்மாதானே ஒரு சொம்பு கொண்டாந்து குடுத்தா. விடமாட்டேன். இதை விடமாட்டேன்.

மே 10, சனி

சுப்புராயன் நேரில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். போர்க் காலத்தில் எது எப்படி நடந்ததோ, இப்போது கிளறி என்ன பயன் என்றார். நாளைக்கே ஆள் வைத்துக் குழாயைச் சரி செய்து, சமையலறையைச் சிமெண்ட் போட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறாராம். சத்தம் இல்லாமல் முடித்துவிடலாமாம்.

அதே குழாயிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு குழாய் எடுத்துத் தரச் சொன்னேன். அது ஆபீஸ் சமாச்சாரம், என் கையில் இல்லை என்றார். என் மண்ணைத் தோண்டுவது மட்டும் எப்படி உங்கள் கையில் இருந்தது என்று கேட்டேன்.

எழுந்துகொண்டார். “ஆம்பிளை இல்லாத வீடு. யோசிச்சு நடந்துக்கோம்மா.”

யோசித்துவிட்டேன்.

மே 12, திங்கள்

நோட்டீஸ் வந்திருக்கிறது. லட்சுமணன் கையெழுத்து.

‘தங்கள் மனையில் உள்ள தங்களது குடிநீர்க் குழாய் உடைந்து, பஞ்ச காலத்தில் நீர் வீணாவது தெரியவருகிறது. உரிமம் பெற்ற வேலையாளைக் கொண்டு மூன்று தினங்களுக்குள் பழுதுபார்க்கவும். தவறினால் வழக்குத் தொடரப்படும்.’

இரண்டு தரம் படித்தேன். ஆறு வருஷமாக இல்லாத குழாய் ஒரே நாளில் என் குழாய் ஆகிவிட்டது.  மூன்றாம் தரம் படிக்கும்போதுதான் சிரிப்பு வந்தது. தங்களது. தங்களது குழாய்.

என் குழாய் என்றால் என் குழாய்தான்.

மே 14, புதன்

உரிமம் உள்ள பிட்டர் குமாரவேலைக் கூட்டி வந்தேன். நோட்டீஸைக் காட்டினேன். உடைந்த மூட்டுக்கு முன்னாலேயே, சந்துப் பக்கமாக வெட்டி, அடைப்புப் போட்டு, நின்றபடி பிடிக்கிற மாதிரி ஒரு குழாய் வைக்கச் சொன்னேன். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

“அப்போ பின்னால கீற பேக்டரிக்கு?”

“நோட்டீஸில் பேக்டரியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நீங்களே படித்துப் பாருங்கள்.”

படித்தார். நோட்டீஸை மடித்துக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். தண்ணீர் விடாத மத்தியான நேரம் என்பதால் மூன்று மணிக்குள் முடிந்தது. மண்ணாங்கட்டி கூலி வாங்காமல் கூட நின்றார்.

மே 15, வியாழன்

காலையில் தண்ணீர் வந்தது. முதல் குடத்தைச் சிலுவையம்மாளுக்குக் கொடுத்தேன். ஏழு மணி வரை தெருவே என் கொல்லையில். நானும் தலைக்கு ஊற்றிக் குளித்தேன்.

மே 17, சனி

காலையில் தெருவே தண்ணீர் பிடிக்கும்போது நாலு ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். குழாயைப் பிடுங்கிப் பழையபடி இணைக்கச் சொல்லி முதலாளி அனுப்பினாராம். நாலாவது ஆள் சிலுவையம்மாளின் புருஷன் கஸ்பார். பேக்டரியில் ஐஸ் பாளம் தூக்குகிறவர். அவர் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

நான் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.   அப்போது சிலுவையம்மாள் தன் குடத்தைத் தண்ணீருக்கு நேரே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

“கொடம் ரொம்பட்டும். அப்பால ஒடைங்க.”

அவள் குடம் நிறைந்ததும் அடுத்தவள் தன் குடத்தை வைத்தாள். அதற்குப் பின் இன்னொருத்தி. யாரும் கத்தவில்லை. ஒவ்வொருத்தியும், இது ஒண்ணுதான், ரொம்பட்டும் என்றாள். வந்தவர்களின் அக்காவும் அத்தையும் அந்த வரிசையில் இருந்தார்கள். தண்ணீர் நிற்கும் வரை கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

மே 19, திங்கள்

கஸ்பாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். படலுக்கு வெளியிலேயே நின்றதற்காக.

மத்தியானம் லட்சுமணன் வந்தார். யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று ஆரம்பித்தார். நோட்டீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். புதுக் குழாய்த் தண்ணீரைத்தான் கொடுத்தேன்.

அவர் வேலைக்கு வந்து நாலு வருஷம்தானாம். வரைபடத்தில் இந்தக் குழாய் நிஜமாகவே இல்லையாம். நோட்டீஸில் என்ன எழுத வேண்டும் என்பது மேலிருந்து வந்ததாம்.

“இப்ப அறிக்கையில ஒண்ணு நீங்க திருடினீங்கன்னு எழுதணும். இல்ல உள்ளதை எழுதணும். ரெண்டுல எதை எழுதினாலும் எனக்குத் தொல்லைதான்.”

எப்படியும் தொல்லை என்றால் உள்ளதையே எழுதுங்கள் என்றேன். மண்ணாங்கட்டிக்கு ஆள் அனுப்பினேன். வந்ததும், சாட்சி சொன்னால் அவருக்குக் கெடுதல் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தப்பு செய்தவர்களோடு சேர்த்து அவரையும் பிடிக்கலாம்.

“பூட்ன வூட்ல பூந்து வெட்டிட்டு இத்தினி வருசம் சும்மா இருந்துட்டேன். அத்த சொல்றதுக்கும் பயந்துகினு இருந்தா நான் இன்னா மனுசன்.”

அவர் சொன்னதை லட்சுமணன் எழுத, மண்ணாங்கட்டி கைநாட்டு வைத்தார். லட்சுமணன் அதற்குக் கீழே தேதி போட்டார்.

மே 26, திங்கள்

பேக்டரி பன்னிரண்டு நாளாக ஓடவில்லை. வேலையில்லாமல் பதினெட்டுப் பேர். அதில் பாதிப் பேர் எங்கள் தெரு.

சிலுவையம்மாள் இன்று தண்ணீருக்கு வரவில்லை. நானே குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“தண்ணியும் வோணும், சோறும் வோணும் டீச்சரம்மா. உனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. அந்தாளு ஒரு வாரமா மூஞ்ச தொங்கப் போட்டுகினு குந்திகினு கீறாரு.”

குடத்தை வாங்கிக்கொள்ளவில்லை. குடத்தோடு திரும்பினேன். அரிசி கொண்டுபோகலாமா? முகத்தில் வீசுவாள். நான் செய்தது தப்பா? தப்பில்லை. ஆனால் தப்பில்லாத காரியத்துக்கும் யாரோ ஒருத்தர் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது. அது என்னுடைய பட்டினியாக இல்லையே.

மே 29, வியாழன்

சமையலறைப் பின்சுவர் விழுந்தது. ஆளுக்குச் சேதம் இல்லை. கீற்று கட்டி அடுப்பை நடுக் கொல்லைக்கு மாற்றினேன்.

ஜூன் 16, திங்கள்

பள்ளி திறந்தது. பள்ளியின் தலைமைக் கன்னியாஸ்திரி, நாங்கள் தாயார் என்கிறவர், கூப்பிட்டனுப்பினார்கள். நம் பள்ளிக்கு உதவுகிற பெரிய மனிதர் சுப்புராயன் வருத்தப்படுகிறார், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். என்ன தப்புக்கு என்று கேட்டேன். பணிவு ஒரு புண்ணியம் என்றார்கள். அந்தப் புண்ணியத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்றேன்.

ஐந்தாம் வகுப்பை எடுத்துவிட்டு ஒன்றாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். சரி. அ, ஆ என்றுதானே எல்லாம் தொடங்குகிறது.

ஜூன் 27, வெள்ளி

பெரிய எஞ்சினீயர் வந்தார், லட்சுமணனும் இன்னும் மூன்று பேரும். குழியில் இறங்கி அளந்தார்கள். என் மூன்று விண்ணப்பங்களின் பதிலையும் கேட்டு வாங்கிப் படித்தார். ‘பிரதானக் குழாய் இல்லை’ என்கிற வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். மூன்று தாளிலும் போட்டார்.  போகும்போது என்னிடம், இந்தக் குழாயைக் கொஞ்ச நாள் இப்படியே விட்டுவையுங்கள் என்றார்.

லட்சுமணன் எழுதின அறிக்கை உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. அவரைச் செங்கற்பட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். அவரேதான் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

தெருவில் பள்ளம் வெட்டுகிறார்கள். பேக்டரிக்கு இனி தெரு வழியாகத்தான் குழாய், மீட்டரோடு. அதிலிருந்தே தெருக்கோடியில் பொதுக் குழாய் ஒன்று. என் கொல்லையில் இருப்பதைத் தோண்டி எடுத்துவிடுவார்களாம். எடுத்துக்கொண்டு போகட்டும்.

சுப்புராயன் வண்டியில் அந்த வழியாகப் போனார். நான் வாசலில் நின்றேன். அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 9, சனி

பேக்டரி மறுபடி ஓடுகிறது. மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கஸ்பாரை இல்லை. துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கப் போகிறார். கரி படிந்த முகமும் வெள்ளைக் கண்ணுமாக வருகிறவரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் தலையசைத்தார். சிலுவையம்மாள் உள்ளே போய்விட்டாள். எழுபத்தைந்து நாளாகிறது அவள் என்னோடு பேசி.

செப்டம்பர் 3, புதன்

தெருக்கோடிக் குழாயில் இன்றுதான் தண்ணீர் விட்டார்கள். நான் போனபோது பதினோரு குடம். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான் போகாவிட்டால் ஒருவரை ஒருவர் கடித்துவிடுவார்கள். நாலாவது குடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. என் குடத்தை மெதுவாக அங்கே நகர்த்தினேன். வெட்கம்தான். செய்துவிட்டேன்.

யாரோ என் குடத்தை எடுத்து ‘டங்’கென்று கடைசியில் கொண்டுபோய் வைத்தார்கள். திரும்பினால் சிலுவையம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“டீச்சர்னா இன்னா, ரெண்டு கொம்பா கீது? வரிசையில நில்லு.”

எனக்கும் விட மனமில்லை. பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை கேட்டேன். அவள் நாலு கேட்டாள். அவள் மாமியார் வரைக்கும் நான் போனேன். என் சமையல் வரைக்கும் அவள் வந்தாள். குடம் இடறித் தண்ணீர் எங்கள் இரண்டு பேர் புடவையிலும் கொட்டியது. வரிசையே வேடிக்கை பார்த்தது.

பள்ளிக்கு இருபது நிமிஷம் தாமதம். தாயார் காரணம் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.