மக்கிய இலை

ஏப்ரல் 27
இன்று டுக்நாட். குடியிருப்பே கூடி முற்றத்தைச் சுத்தம் செய்கிற நாள். வராதவனை வருஷம் முழுக்கப் பேசியே வறுத்துவிடுவார்கள். என் கணவன் ஆஸ்முண்ட் மண் பக்கமே போகக் கூடாது என்பது ஆஸ்பத்திரி உத்தரவு. என் சிறுநீரகம் அவனுக்குள் போய் ஆறு மாதம்தான் ஆகிறது. மேல்மாடி தூரிட் விடவில்லை. "உன் புருஷனுக்கு முடியலையா, உடம்பு வணங்கலையா?" எனக்குச் சுருக்கென்றது. "சும்மா சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நில்லு, போதும்" என்று நானே அவனை இறக்கிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் மக்கிய இலைத் தூசியில் நின்றான்.

மே 19
இருமல். காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

மே 24
நிமோனியா மருந்து எதுவும் கேட்கவில்லை. நுரையீரலில் கட்டி. சளியில் ஒரு கிருமியும் முளைக்கவில்லையாம், புற்றுநோயாகவும் இருக்கலாமாம். "மண், தோட்டம்னு எதிலாவது கை வச்சாரா?" என்று டாக்டர் கேட்டாள். இல்லை என்றேன்.
ஏன் சொன்னேன்? டுக்நாட் தோட்ட வேலையா என்ன, சும்மாதானே நின்றான் — ச்சீ, யாரை ஏமாற்றுகிறேன்?

மே 27
அவனுக்கு வலது கை தூக்க வரவில்லை. மூளையிலும் கட்டி. ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நொகார்டியாவா இருக்கும். மண்ணுல இருக்கிற கிருமி, மெதுவாத்தான் முளைக்கும்" என்றாள். உடனே ஆய்வகத்துக்குப் போன் போட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்க்கச் சளி வைத்த தட்டுகளை வீசிவிடாதீர்கள் என்றாள்.
மூன்று நாள். என் பொய்யால் போன மூன்று நாள். பாவி நான்.

ஜூன் 3
அதேதான், முளைத்துவிட்டது. மருந்தை மாற்றிவிட்டார்கள். ஆனால் கிருமியை அடக்க, உடம்பின் எதிர்ப்பை அடக்கிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மாத்திரைகளைக் குறைத்தே ஆகவேண்டும். குறைத்தால் உடம்பு அதை ஏற்காமல் போகலாம். ஆஸ்முண்ட் குழறிக் குழறிச் சொன்னான்: "குறைக்கக் கூடாது. அது நீ குடுத்தது."
"அது எக்கேடோ கெட்டுப் போகட்டும். எனக்கு நீதான் வேணும்," என்று கத்திவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

ஜூன் 12
சிறுநீர் குறைகிறது.

செப்டம்பர் 30
கட்டிகள் சுருங்கிவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இன்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரிடம் நான் சொன்ன பொய்யை அவனிடம் சொன்னேன். நான்கு மாதமாக மறைத்து வைத்திருந்தது.
"அன்னிக்குக் காலைல என்னையும் கேட்டாங்க," என்றான். "நானும் இல்லைன்னுதான் சொன்னேன். நீ அனுப்பினேன்னு சொல்ல மனசு வரல."
இயந்திரம் ஓடி முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.